முப்பத்திரண்டு போட்டோவும் ஒரு பிரேக்கும்

லாரி ரிப்பேர் செய்யும் இடத்துக்கு ஒர்க்‌ஷாப் என்று பெயர் இருந்த காலத்தில் லாரிகள் ரிப்பேர் ஆகிக்கொண்டிருந்தன. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் கண்ணாடியும் தகரமுமாக எழுந்து நிற்கும் 'வெற்றிரதம் கமர்ஷியல்ஸ்' நிறுவனத்துக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வாசலில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏசி உண்டு, மீன் தொட்டி உண்டு, ஏலக்காய் டீ உண்டு. மெக்கானிக்குகளும் உண்டு என்று கேள்வி. ஆனால் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் வாடிக்கையாளர் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரில் மெக்கானிக்குகள் சிரிக்கிற மாதிரி ஒரு பெரிய படம்.

இந்த மாதிரி இடங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டேன் என்று யாரும் வருத்தப்படக் கூடாது.

பாப்பாரப்பட்டி அருள்நாதன் சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி வைத்துத் தானே ஓட்டுகிறவர். மாம்பழ சீசனில் கூழ் ஃபாக்டரியிலிருந்து பீப்பாய் ஏற்றி, தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குவார். அந்த வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் இறக்கம். வளைவுக்கு வளைவு எச்சரிக்கைப் பலகை. பலகைக்குக் கீழே போன மாதம் நொறுங்கிய கண்ணாடி. அங்கே பாரத்தோடு இறங்கும் டிரைவருக்குப் பிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது. அதனால்தான் சீசன் தொடங்கும்போதே எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் லைனிங், அதாவது உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை, மாற்றச் சொல்லி வண்டியை மகிழ்ச்சி மையத்தில் விட்டார். திங்கட்கிழமை விட்டார், திங்கட்கிழமையே தந்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்து அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை காரிமங்கலம் பஸ் ஸ்டாப் அருகே முன்னால் போன டவுன் பஸ் நின்றது. அருள்நாதன் பிரேக்கை மிதித்தார். லாரி கொஞ்ச நேரம் யோசித்தது. மறுபடி மிதித்தார். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பாதி வண்டியை மண்ணில் இறக்கி, பஸ்ஸின் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். பஸ்ஸின் பின் சீட்டில் இருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்ததை அவர் தெளிவாகப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் போயிருந்தார்.

காலி வண்டியே இப்படி. வெள்ளிக்கிழமை பதினாறு டன் கூழோடு தொப்பூர் இறங்க வேண்டும். அருள்நாதன் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து மகிழ்ச்சி மையத்துக்குத் திரும்பினார்.

"வணக்கம் சார்" என்றாள் பிளசி. சர்வீஸ் அட்வைசர், நல்ல பிள்ளை, ஒரு டேப்லெட்டைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தாள். "டீயா, பாதாம் பாலா சார்?"

"பிரேக் புடிக்கலம்மா."

"சாரிங்க சார். மொதல்ல உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீ புடிக்கும்மா. பிரேக்தான் புடிக்கல."

பிளசி டேப்லெட்டைத் தடவினாள். "உங்க பழைய ஜாப் கார்டு இன்னும் ஓப்பன்ல இருக்குதுங்க சார். அது குளோஸ் ஆனாத்தான் புதுசா கம்ப்ளெயிண்ட் போட முடியும். குளோஸ் பண்ண நீங்க பத்துக்கு மார்க் போடணுங்க."

"சரி, ரெண்டு போட்டுக்கோ."

அவள் முகம் வெளுத்தது. "எட்டுக்குக் கீழ போட்டா குளோஸ் ஆவாதுங்க. மேலிடத்துக்குப் போயி, விசாரிச்சி, முப்பது நாள் ஆவும். அதுவரைக்கும் கம்ப்ளெயிண்ட் எடுக்க மாட்டோம்."

"எனக்கு வெள்ளிக்கெழம லோடும்மா."

"அப்ப பத்து போட்டுடுங்க சார். ஒடனே குளோஸ் ஆயிடும், ஒடனே உங்க கம்ப்ளெயிண்ட எடுத்துக்கறேன்."

அருள்நாதன் பத்து போட்டார். டேப்லெட்டில் கலர் கலராகப் பலூன் பறந்தது. ஒரு பெண் குரல் அவரைப் பாராட்டியது. பிளசி உடனே புகார்ப் பக்கத்தைத் திறந்தாள், திறந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னாம்மா?"

"எடுக்க மாட்டேங்குதுங்க சார். 'இந்த வாடிக்கையாளர் முழு மகிழ்ச்சியில் இருக்கிறார்'னு வருது. முழு மகிழ்ச்சில இருக்கறவங்ககிட்ட தொண்ணூறு நாளைக்குப் புகார் வாங்கக் கூடாதுங்களாம்."

அருள்நாதன் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்குகளைப் பார்த்தார். ஆளுக்கு ஆள் பல் வரிசை சரியாக இருந்தது.

புதன்கிழமை அவர் மேலாளர் சந்திரமோகனைப் பார்த்தார். சந்திரமோகன் டை கட்டியவர். கோபப்படாதவர். கோபப்படாத மனிதர்களிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது அவரிடம் பேசியவர்களுக்குத் தெரியும்.

"உங்க உணர்வ மதிக்கிறேன் சார்" என்றார். "நாமளே வண்டிய ஓட்டிப் பாத்துடலாம்."

கட்டடத்துக்குப் பின்னால் பரிசோதனைத் தடம் இருந்தது. நீளம் அறுபது மீட்டர். பாதுகாப்பு கருதி வேகம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று போர்டு. லாரி ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனது. நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தில் தானே நின்றது.

"நின்னுதா?" என்றார் சந்திரமோகன்.

"நான் பிரேக்கே புடிக்கலயேங்க சார்."

"பிடிக்காமயே நிக்குது சார். பிடிச்சா எப்படி நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

"ரோட்டுக்குப் போலாங்க. தொப்பூர் வேணாம், இந்த மேம்பாலத்துல எறங்கிப் பாத்தாப் போதும்."

"பாலத்துல ட்ரையல் எடுக்கணும்னா பிரேக் ஃபெயிலியர்னு பதிவாகியிருக்கணும். ஃபெயிலியர்னு பதிவாகணும்னா வண்டி ஏதாவது மேல மோதியிருக்கணும். நீங்க எது மேலயாவது மோதினீங்களா?"

"ஒரு சாண்ல தப்பிச்சங்க."

"பாருங்க. தப்பிச்சிருக்கீங்க. அப்ப பிரேக் வேலை செஞ்சிருக்கு." சந்திரமோகன் அன்போடு அவர் தோளைத் தொட்டார். "எங்களுக்குத் தேவை ஆதாரம் சார். ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தாப் போதும். சின்ன விபத்தா இருந்தாக்கூடப் பரவால்ல."

 தன் வண்டியைப் பற்றித் தனக்கே ஒன்றும் தெரியாதோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது அருள்நாதனுக்கு அவமானமாக இருந்தது. இருபத்தாறு வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவர்.

"வேலை செஞ்சதுக்கு என்னாங்க சார் ஆதாரம்?" என்று கேட்டுவிட்டார்.

சந்திரமோகனின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல உள்ளே கூட்டிப்போய்ப் பெரிய திரையில் காட்டினார். ஒவ்வொரு பிரேக் வேலைக்கும் முப்பத்திரண்டு போட்டோ எடுக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். சக்கரத்தைக் கழற்றும் முன், கழற்றிய பின், பழைய லைனிங், புது லைனிங், மெக்கானிக்கின் கை சுத்தமாக இருக்கிறதா என்பது உட்பட. முப்பத்திரண்டும் இருந்தன. ஒவ்வொன்றும் கல்யாண ஆல்பத்தில் வைக்கலாம், அவ்வளவு தெளிவு.

அருள்நாதன் பதினேழாவது போட்டோவில் நிறுத்தச் சொன்னார். சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டில் 'முனியப்பன் துணை' என்று மஞ்சள் எழுத்து தெரிந்தது.

"சார், என் வண்டில 'ஆரோக்கிய மாதா துணை'ன்னுதாங்க எழுதியிருக்குது. இது என் வண்டியே இல்ல."

சந்திரமோகன் போட்டோவைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். திரும்பவும் போட்டோவைப் பார்த்தார். பிறகு சென்னையில் இருந்த மண்டலத் தலைவர் பிரபாகரை வீடியோவில் அழைத்தார். பிரபாகர் முப்பத்திரண்டையும் பொறுமையாகப் பார்த்து முடித்தார்.

"போட்டோ குவாலிட்டி பிரமாதம் சந்திரமோகன். லைட்டிங்கெல்லாம் அருமை. ரெக்கார்டுல ஒரு குறையும் இல்ல. குறை வண்டியிலதான் இருக்கு."

"அதத்தாங்க சார் நானும் சொல்றன்" என்றார் அருள்நாதன்.

"இல்ல சார், நான் சொல்றது வேற. ரெக்கார்டு கரெக்டா இருக்கு, வண்டி அதோட பொருந்தல. நீங்க மட்கார்டுல முனியப்பன் பேரை எழுதிட்டீங்கன்னா ரெண்டும் பொருந்திடும். பெயிண்ட் செலவு கம்பெனியோடது. இதை நல்லெண்ணமா செய்யறோம்."

வீட்டுக்கு வந்து அருள்நாதன் இதை மனைவி ராஜமேரியிடம் சொன்னார். ராஜமேரி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பதினைந்து வருடமாக ரிஜிஸ்டர் எழுதுகிறவள், ரிஜிஸ்டரைக் கண்டு பயப்படாதவள்.

"மாதாவுக்கும் முனியப்பனுக்கும் ஒண்ணும் சண்ட இல்ல. ரெண்டு பேரும் சேந்து வந்தாலும் லைனிங் இல்லாத வண்டிய நிறுத்த முடியாதுங்க. எங்க ரிஜிஸ்டர்ல முட்ட முழுசாத்தான் இருக்கும், கூடய தெறந்தா நாலு ஒடஞ்சிருக்கும். நான் கூடயத் தெறந்து பாக்கற ஆளு. நாளைக்கு நானும் வர்றன்."

"நீ வந்து என்னா பண்ணுவ?"

"அந்தப் போட்டோவ புடிச்சவன் எவன்னு கேப்பன். நீங்க அத வுட்டுட்டு மத்தது எல்லாம் கேட்டீங்க."

வியாழக்கிழமை ராஜமேரி மகிழ்ச்சி மையத்துக்குள் நுழைந்து, டீ வேண்டாம் என்று சொல்லி, சுவரைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போனாள். 'வாடிக்கையாளர் வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. அவள் அங்கே வாடிக்கையாளர் இல்லை, வாடிக்கையாளரின் மனைவி. அருள்நாதனும் பின்னாலேயே போனார். அந்தப் போட்டோ எடுத்தது யார் என்று அவள் கேட்டதும், சென்றாயன் என்ற மெக்கானிக் ஒரு லாரியின் கீழிருந்து எழுந்து வந்தான். மொரப்பூர்க்காரன், நாற்பது வயது, சட்டையில் 'இம்மாதச் சிறந்த டெக்னீஷியன்' என்று பேட்ஜ்.

"அண்ணன் வண்டிக்கு லைனிங் மாத்துனியாப்பா?" என்றாள்.

அவன் அருள்நாதனின் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"இல்லீங்க்கா."

"ஏம்பா?"

"ஒரு வண்டிக்கு மூணு மணி நேரம் குடுத்தாங்க. வேலைக்கு மூணு மணி சரியாப்போவும். ஆனா முப்பத்திரண்டு போட்டோ எடுக்கணும். நெழல் வுழுந்தா வேணாங்கறாங்க. கை கிரீஸா இருந்தா வேணாங்கறாங்க. பழைய லைனிங் அழுக்கா இருந்தாக்கூட வேணாங்கறாங்க. ஏப்ரல் மாசம் ஒரு முனியப்பன் வண்டி வந்துது. அதுக்கு எல்லாப் போட்டோவும் நல்லா வுழுந்துச்சி. சரி, போட்டோவுக்கு இதயே வச்சிக்கலாம், நேரத்த வேலைக்கு வச்சிக்கலாம்னு நெனச்சங்க்கா. சத்தியமா வேலைக்காகத்தான் அப்பிடி பண்ணன்."

"அப்பறம்?"

"போட்டோ ரெண்டு நிமிஷத்துல ஏறுதுன்னு மேலிடம் பாத்துட்டாங்க. சென்றாயன் கை வேகம்னு சொல்லி மூணு மணிய முக்கா மணி ஆக்கிட்டாங்க. இந்தப் பேட்ஜயும் குத்திட்டாங்க. முக்கா மணில சக்கரத்தக் கழட்டி, தூசி தட்டி, திரும்ப மாட்டலாம். அவ்ளோதாங்க்கா முடியும்."

"இதுவரைக்கும் எத்தன வண்டி?"

"அண்ணன் வண்டியோட நாப்பத்தியொண்ணு." அவன் கண் கலங்கியது. "ராத்திரி தூக்கமே இல்லீங்க்கா. தொப்பூர்ல எதாச்சும் வுழுந்துச்சின்னு ஃபோன்ல வந்தா, நம்பரத்தான் மொதல்ல பாக்கறன்."

ராஜமேரிக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அறைவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, லைனிங் எங்கே என்று கேட்டாள். ஸ்டோரில் இருந்தது. அருள்நாதனின் வண்டி நம்பர் ஒட்டிய பெட்டி, பிரிக்காமல் அப்படியே. ஸ்டோர்காரர் தர மாட்டேன் என்றார். ரிஜிஸ்டர்படி அந்த லைனிங் திங்கட்கிழமையே வண்டியில் மாட்டியாகிவிட்டது, மாட்டிய பொருளை மறுபடி கொடுக்க வழியில்லை.

"ரிஜிஸ்டர்படி அது எங்க வண்டில இருக்குது, இல்லீங்களா?" என்றாள் ராஜமேரி.

"ஆமாங்க."

"அப்ப உங்க ஸ்டோர்ல அது இல்ல."

"இல்லீங்க."

"இல்லாத பெட்டிய நாங்க எடுத்துக்கிட்டுப் போனா உங்களுக்கு என்னாங்க கொறஞ்சிடும்?"

ஸ்டோர்காரர் நெடுநேரம் யோசித்தார். எந்த விதியும் அகப்படவில்லை. பெட்டியைத் தூக்கிவிட அவரே ஒரு கை கொடுத்தார்.

சென்றாயன் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, சக்கரங்களைக் கழற்றினான். பழைய லைனிங் ரிவெட் ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அருள்நாதன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தூத்துக்குடிக்குப் போயிருக்க வேண்டியவன் எங்கே போயிருப்பேன் என்று நினைத்து, அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். சென்றாயன் நாலு மணி நேரம் வேலை செய்தான். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராஜமேரியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். தொப்பூர் இறக்கம் முழுக்க வாயில் ஜெபம் முனகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அருள்நாதன் மிதித்தார், ஒவ்வொரு வளைவிலும் வண்டி சொன்னபடி கேட்டது. கீழே சமதளம் வந்ததும் ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் போகப் பஸ் பிடிக்க ராஜமேரி இறங்கினாள்.

"மீதி நாப்பது வண்டி எங்க ஓடிக்கிட்டிருக்குதோ" என்றாள்.

தூத்துக்குடி போய் வந்ததும் அருள்நாதன் சந்திரமோகனிடம் அந்த நாற்பது வண்டிகளின் நம்பரைக் கேட்டார். வாடிக்கையாளர் விவரம் ரகசியம் என்றார் அவர். சென்னையிலிருந்து பிரபாகரும் பேசினார்.

"நாற்பது பேரும் பத்துக்குப் பத்து போட்டிருக்காங்க சார். நிம்மதியா ஓட்டிட்டிருக்காங்க. நீங்க போய்ச் சொல்லி அவங்க மகிழ்ச்சியைக் கெடுக்கணுமா? அது மனிதாபிமானமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம். உங்க வண்டில ஜாப் கார்டு இல்லாம யாரோ பிரேக் வேலை பார்த்திருக்காங்கன்னு தகவல் வந்திருக்கு. அதனால வாரண்டி ரத்தாகுது. வண்டியைக் கொண்டு வந்தா பழைய லைனிங்கையே திரும்ப மாட்டித் தருவோம். வாரண்டி உயிர் பெற்றுடும்."

உங்கள் வாரண்டி உயிரோடு இருந்தால் நான் இருக்க மாட்டேனே என்று அருள்நாதனுக்குச் சொல்லத் தோன்றியது. ஃபோனை வைத்த பிறகுதான் தோன்றியது. நல்லவர்களுக்கு எப்போதும் அப்படித்தான்.

சென்றாயனுக்கு மெமோ வந்தது. 'புகார் இல்லாத பிரேக்கைப் பழுது பார்த்தது' குற்றம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இதனால் அவனுக்கு நேரம் கிடைத்தது. சீசன் மும்முரத்தில் இரண்டு லோடை விட்டுவிட்டு அருள்நாதனும் வந்தார். லீவு நாளில் ராஜமேரியும் சேர்ந்துகொண்டாள். கணவாய் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் லாரிகள் நின்று டீ குடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நின்று, கண்ணாடியில் வெற்றிரதம் ஸ்டிக்கர் ஒட்டிய லாரிகளைக் கை காட்டி நிறுத்தினார்கள். முதல் வாரத்தில் ஒன்பது வண்டி. சக்கரத்தைக் கழற்றிக் காட்டினால் டிரைவர்கள் முதலில் சென்றாயனைத் திட்டினார்கள், பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டையும் அவன் தலையைக் குனிந்துகொண்டே வாங்கிக்கொண்டான்.

யாரோ ஒரு டிரைவர் இதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். இரண்டு நாளில் மாவட்டம் பூராவும் பார்த்துவிட்டது. மூன்றாம் நாள் காலை ஒரு வேன் வந்து பந்தல் போட்டது. பேனர் கட்டினார்கள்: 'வெற்றிரதம் வழங்கும் மாபெரும் இலவச பிரேக் பரிசோதனை முகாம்'. பிளசி எல்லாருக்கும் பாதாம் பால் கொடுத்தாள், அருள்நாதனிடம் கொடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்திரமோகன் சென்றாயனின் மெமோவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, புதுச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். பிரபாகர் சென்னையிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார்.

மைக்கில் அவர் பதினைந்து நிமிடம் பேசினார். "மற்ற நிறுவனங்கள் பிரேக்கை விற்கின்றன. நாங்கள் நம்பிக்கையை விற்கிறோம். பிரேக் தேயும். நம்பிக்கை தேயாது. எங்கள் மையத்தில் வேலை முடிந்த ஒரு வண்டியின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு என் குழந்தையை நிறுத்துவேன்" என்றார். குழந்தை சென்னையில் ஸ்கூலுக்குப் போயிருந்தது. சந்திரமோகன் கை தட்டினார்.

அந்த நேரத்தில் காரிமங்கலம் பக்கமிருந்து புளி மூட்டை ஏற்றிய ஒரு லாரி வந்தது. சென்றாயன் கை காட்ட, அது பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால் தட்டுத்தடுமாறி நின்றது. பிரபாகருக்கு ஒரு யோசனை உதித்தது. கேமராக்காரரைக் கூப்பிட்டார். லாரிக்கு முன்னால் பத்தடி தள்ளிப் போய் ரோட்டு நடுவில் நின்றுகொண்டார்.

"டிரைவர் சார், மெதுவா என்னைப் பாத்து வாங்க. நான் கையைக் காட்டுவேன், நீங்க டக்குன்னு நிறுத்தணும். நம்ம பிரேக்கோட பவர் வீடியோல தெரியணும்" என்று சொல்லி, மார்பை நிமிர்த்தி, வலது கையை நீட்டிச் சிரித்தார்.

அருள்நாதன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ராஜமேரி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். டிரைவர் என்ன செய்வது என்று தெரியாமல் இன்ஜினை மட்டும் கிளப்பிவிட்டுச் சென்றாயனைப் பார்த்தான். சென்றாயன் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரின் தேதியை எக்கிப் படித்தான். புதுச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னான்.

"சார், இது போன மாசம் நம்ம சென்டர்ல பிரேக் வேலை முடிச்ச வண்டிங்க."

பிரபாகர் குதித்தார். நடுவில் இருந்த இரும்புத் தடுப்பை ஒரு கை ஊன்றி ஒரே தாவில் தாண்டினார். ஒரு காலணி இந்தப் பக்கமே விழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், இன்னும் நாலு எட்டு ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கேமராக்காரர் அவ்வளவையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

லாரி நின்ற இடத்திலேயே நின்றது. டிரைவர் இன்னும் கியர்கூடப் போடவில்லை.